கரண்ட் போனால் தலை நிற்குமா

தம்பிமார்களே, போன மாதம் உங்கள் வேர்க்ஷாப்புக்குக் கூப்பிட்டு எனக்கு மாலை போட்டீர்கள். பேசச் சொன்னீர்கள். நானும் சபைக்குத் தக்கபடி நாலு வார்த்தை இனிப்பாகப் பேசி, கேக்கும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து கேட்ட கேள்விக்கு மட்டும் மழுப்பிவிட்டேன். கையால் சுற்றுகிற பழைய மில்லிங் மெசினைக் கம்ப்யூட்டர் மெசினாக மாற்றும்போது மூன்று பக்கத்துக்கும் புது ஸ்க்ரூ போட்டுவிடலாமா என்று கேட்டது அந்தப் பிள்ளை. மேலே கீழே போகிற பக்கத்துக்கு மட்டும் யோசித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கேக் அன்றைக்கு யாருக்கும் தொண்டையில் இறங்கியிருக்காது.

வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை, எழுதுகிறேன். கசப்பாகத்தான் இருக்கும். மாலை போட்டுக்கொண்ட மனுஷன் இப்படியா பேசுவான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் யாருக்காகவும் சர்க்கரை கலக்க எனக்கு இஷ்டமில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பாதையில்தான் எங்கள் கம்பெனியின் வேர்க்ஷாப் இருந்தது. சுற்றியிருந்த தேயிலைத் தொழிற்சாலைகளில் எது உடைந்தாலும் எங்களிடம் வரும். மெசின்களைப் பிரித்துப் பூட்டுகிற பகுதிக்கு நான் பொறுப்பு. கைத்தொழில்காரனை நம் பக்கத்தில் கூப்பிடுகிறபடி எல்லோருக்கும் நான் 'பாஸ்'.

அங்கே ஒரு பழைய மில்லிங் மெசின். அதில் வேலை செய்தவன் மருதை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். அந்த மெசினின் கைப்பிடிகளைத் திருப்பித் திருப்பியே அவனுக்குத் தோள் அகன்றுவிட்டது. வேலையில் கெட்டிக்காரன், வாயில் மட்டும் வார்த்தை வராது. ஏதாவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுச் சும்மா நிற்பான். இந்தக் குணம் ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று பின்னால் பாருங்கள்.

கொழுந்தை உருட்டுகிற ரோலர் மேசையில் வளைந்த பித்தளைப் பட்டைகள் இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவைக் கைப்பிடியால் வெட்ட முடியாது. வார்த்து எடுத்து அரத்தால் தேய்ப்போம், உயிர் போகும். மெசினைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் அந்த வளைவைத் தானே வெட்டும் என்று சொல்லி எங்கள் இன்ஜினியர்தான் கொழும்பில் அனுமதி வாங்கினார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் வேண்டாம். எனக்கு ஸ்க்ரூவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான், அதை நான் மறைக்கமாட்டேன். பழைய மெசினில் இருக்கிற ஸ்க்ரூ தடித்த மரை வெட்டிய சாதாரணத் திருகு. தேயத் தேய அதில் ஆட்டம் வரும். கைப்பிடியைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத்தான் மேசை நகரும். அந்தச் சும்மா சுற்று எவ்வளவு என்று மருதையின் கைக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் புதுசாகப் போடுவது எஃகுக் குண்டுகள் உள்ளே உருளுகிற ஸ்க்ரூ. அதில் ஆட்டம் இல்லை, பாரமும் இல்லை, ஒரு விரலால் சுற்றலாம். நாங்கள் அதைக் குண்டு ஸ்க்ரூ என்போம். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம், அது வேறு பயம்.

முதல் ஸ்க்ரூ வந்த அன்று எங்களில் ஒருவன் ஆசையாக அதன் நட்டைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே இருந்த குண்டுகள் எல்லாம் கொட்டிச் சிமெந்துத் தரை முழுக்க ஓடிவிட்டன. இன்ஜினியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டு எங்களோடு முழங்கால் போட்டுப் பொறுக்கினார். அப்பேர்ப்பட்ட மனுஷன். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம் தீரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய திருகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கைப்பிடியை விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். மேலே எவ்வளவு கனம் இருந்தாலும் அந்தக் கனத்தால் திருகைச் சுற்ற முடியாது. குண்டு ஸ்க்ரூ அப்படி இல்லை. அவ்வளவு லேசாகச் சுற்றுவதால் கனமே அதைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். மோட்டாரில் கரண்ட் இருக்கும் வரைக்கும் மோட்டார் பிடித்திருக்கும். கரண்ட் போனால் பிடிக்க யாருமில்லை. குறுக்கே போகிற மேசைக்கு அதனால் ஒன்றுமில்லை, அது விழ இடமில்லை. ஆனால் அந்த மெசினில் மோட்டாரும் கட்டரும் பூட்டிய தலை ஒன்று மேலே கீழே போகும். நாலு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்க வேண்டும். அதைக் குண்டு ஸ்க்ரூவில் தொங்கவிட்டால், கரண்ட் போனதும் தானே பூட்டிக்கொள்கிற பிரேக் வைத்த மோட்டார் கட்டாயம் வேண்டும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? அவர்தான் எனக்குச் சொன்னார். தலைக்குப் பழைய ஸ்க்ரூவே இருக்கட்டும், பித்தளைப் பட்டைக்கு அது போதும், மற்ற இரண்டு பக்கத்துக்கும் புதுசைப் போடுவோம் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. கொழும்பிலிருந்து மூன்று குண்டு ஸ்க்ரூவும் செட்டாக வந்தன. பிரேக் இல்லாத மோட்டார்கள் வந்தன. பெரிய இடத்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிற மெசினில் பாதி பழசு தெரியக்கூடாது, மூன்றையும் பூட்டுங்கள் என்றார் எங்கள் மனேஜர். பிரேக் மோட்டார் அடுத்த தடவை வரும், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் பூட்ட மாட்டேன் என்று ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். மெசின் சும்மா கிடந்தது. மனேஜர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நடுவில் வந்து சமாதானம் செய்தவர் இன்ஜினியர்தான். கிராண்டிஸ் மரத்தில் ஒரு கட்டை அறுத்துக்கொண்டு வந்தார். கரண்டை நிறுத்த முன்னால் இதைத் தலைக்குக் கீழே வைத்துவிட வேண்டும், விழுந்தாலும் கட்டையில் விழும் என்றார். "கொஞ்ச நாளைக்குத்தானே பாஸ், சமாளிப்பம்," என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் ஸ்பேனரை எடுத்தேன். தம்பிமார்களே, வேர்க்ஷாப்பில் ஆளைக் கொல்லுகிற வார்த்தை அதுதான். எங்கே கேட்டாலும் எழுந்து நின்று சண்டை போடுங்கள்.

கட்டை வந்தது, மாதங்கள் ஓடின, பிரேக் வரவில்லை. மெசின் அழகாக வேலை செய்தது. நம் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். போகும்போதெல்லாம் தலை மெதுவாக ஊர்ந்து இறங்கும். ஹட்டன் குளிருக்குக் கிரீஸ் இறுகிக்கிடக்குமே, அதனால் அந்த வேகம்தான். பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் பயம் விட்டுப்போனது. மருதை மட்டும் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கட்டையை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வேர்க்ஷாப்பில் அன்றைக்கு எப்படி என்றால், முதல் நாளே ஒவ்வொருவனும் தன் மெசினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புது எண்ணெய் போட்டுவிடுவான். மில்லிங் மெசினின் தலையை உச்சிக்கு ஏற்றிவைப்பான் மருதை. கீழே மேசையில் வாழையிலை விரித்துப் பொரி, கடலை, பழம் படைப்பான். நல்ல நேரம் பார்த்து மெயின் சுவிட்சை இழுத்து எல்லா மெசினுக்கும் ஓய்வு கொடுப்போம். வந்திருக்கிற பெரியவருக்குத்தான் அந்தச் சுவிட்சை இழுக்கிற மரியாதை. அதற்குப் பிறகுதான் கட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது. கரண்ட் நிற்காமல் மெசினுக்குள் கையை விடாதே என்று நாங்கள்தானே எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறோம். மருதை அந்த மெசினில் வருஷா வருஷம் இப்படியே செய்து வந்தவன். பழைய திருகு இருந்த காலத்தில் தலை அடுத்த நாள் காலை வரைக்கும் உச்சியிலேயே நிற்கும்.

அந்த வருஷம் மெயினை இழுத்தவர் மனேஜர். கைதட்டினோம். வெளிச்சம் போனது, கர்ப்பூரம் எரிந்தது, தலை நின்றது. அது கொஞ்ச நேரம் நின்றதுதான் வினை. உடனே விழுந்திருந்தால் பழமும் இலையும்தான் நசுங்கியிருக்கும். பழைய கிரீஸ் போய்ப் புது எண்ணெய் ஏறிய மெசின், மோட்டாரின் ஏதோ ஒரு சின்னப் பிடிப்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மருதை வலது கையால் கட்டரில் குங்குமம் வைத்தபடியே இடது கையால் தலையில் மாலையைப் போட்டான். மாலையின் கனமோ, அவன் கை பட்டதோ, மொத்தத் தலையும் ஒரே போக்காக இறங்கிவிட்டது.

அவன் கத்தவில்லை. "பாஸ்" என்று ஒரு தடவை கூப்பிட்டான். யாரோ மெயினைப் போட ஓடினார்கள். போடாதே என்று நான் கத்தினேன். கரண்ட் வந்தால் அந்த மோட்டார் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும், கை உள்ளே இருக்கிறது. மேலே ஏறி ஸ்க்ரூவைக் கையால் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. வெண்ணெய் மாதிரி சுற்றித் தலை மேலே வந்தது. நானே டயல் வைத்து நேர் பார்த்துப் பூட்டிய ஸ்க்ரூ. அன்றைக்கு அதைப் பிடித்திருந்த என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் காப்பாற்றினார்கள், மற்ற விரல்கள் போய்விட்டன. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சாமி குத்தம் என்றார்கள். அவன் வீட்டில் யாருக்கோ தீட்டு இருந்திருக்கும் என்றுகூடப் பேசினார்கள். ஒரு மனுஷன் கை போய்க் கிடக்கும்போது அவன் பெண்சாதியைப் பார்த்து இப்படிப் பேச எப்படித்தான் நாக்கு வந்ததோ.

கட்டு அவிழ்க்க முன்னாலேயே விசாரணை வைத்தார்கள். கேள்வி ஒன்றுதான். இது வேலையில் நடந்த விபத்தா இல்லையா? வேலையில் நடந்தது என்றால் மருதைக்கு வேர்க்ஷாப்பிலேயே அவன் தகுதிக்கு ஏற்ற இடம் கொடுத்தாக வேண்டும். இல்லை என்றால் அவன் கம்பெனிக்கு யாரோ. மனேஜரும் கொழும்பிலிருந்து வந்த ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மருதை ஓரமாக நின்றான். இன்ஜினியர் தன் அறிக்கையை வாசித்தார். மெசின் ஓடவில்லை, மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது, சமய நிகழ்ச்சி ஒன்றின்போது நடந்தது என்று வாசித்தார். யார் நிறுத்தியது என்று அதில் இல்லை. பிரேக் என்ற சொல்லே இல்லை. மனேஜர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே உட்கார்ந்து பேசினால் விளங்காது, மெசினுக்கு வாருங்கள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டையை மேசையில் வைத்துத் தலையை உச்சிக்கு ஏற்றினேன். மெயினை இழுக்கப் போகிறேன் என்றேன். நான் யாரையும் விலகச் சொல்லவில்லை. ஆனாலும் மனேஜரும் இன்ஜினியரும் சொல்லிவைத்தது போலப் பின்னால் போனார்கள். தெரியாதவன் பின்னால் போவானா, நீங்களே சொல்லுங்கள். இழுத்தேன். தலை வந்து கட்டையில் மோதிய சத்தத்தில் கொழும்புக்காரர் நடுங்கிவிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த அதிகாரி கட்டையைக் குனிந்து பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். தலை விழுந்தால் தாங்குவதற்கு என்றேன். அப்படியானால் அன்றைக்கு இது எங்கே இருந்தது, யார் எடுத்தது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறக்க முன்னால் பின்னாலிருந்து மருதை பதில் சொல்லிவிட்டான்.

"நான்தாங்க எடுத்தேன். அழுக்குக் கட்டைங்க அது, கால்ல தள்ளுறது. சாமிக்குப் படைக்கிற எடத்துல எப்படிங்க வைக்கிறது?"

அவ்வளவுதான், கதை முடிந்தது. பாதுகாப்புக்கு வைத்ததைத் தானே எடுத்தான், அதுவும் பூசைக்காக எடுத்தான் என்று முடிவாகிவிட்டது. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டையைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். நான் கத்தினேன். பிரேக் எங்கே, அதைக் கேளுங்கள் என்று கத்தினேன். ஏற்கெனவே திரும்பி நடக்கத் தொடங்கியவர்கள் எங்கே கேட்கப்போகிறார்கள். இரக்கப்பட்டு அவனுக்குக் கேட்டில் வாட்ச்சர் வேலை கொடுத்தார்கள். அதற்கு அவன் மனேஜரைக் கும்பிட வேண்டியிருந்தது. மிச்சமிருந்த கையை வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் அவன் நின்றதைப் பார்த்தேன், அதற்கு மேல் அங்கே நிற்காமல் என் வேலைப் பக்கம் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் இன்ஜினியர் என்னிடம் வந்தார். "நான் எழுதினதில ஒரு சொல்லும் பொய்யில்லை, பாஸ்," என்றார். "எனக்கும் பிள்ளையள் இருக்கினம். நான் வேற என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

"ஒரு சொல்லும் பொய்யில்லைங்க ஐயா. அதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு," என்றேன். அதற்குப் பிறகு வேலையைத் தவிர அவரோடு நான் வேறு பேசவில்லை.

ஆகவே தம்பிமார்களே, எந்த ஸ்க்ரூ நல்லது என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். குண்டு ஸ்க்ரூ நல்லதுதான், ஆட்டம் இல்லாதது. பழைய திருகும் நல்லதுதான், விட்ட இடத்தில் நிற்பது. கரண்ட் போனால் இந்தக் கனத்தை எது பிடிக்கும் என்று மட்டும் கேளுங்கள். பதிலில் ஒரு மனுஷனின் ஞாபகமோ, ஒரு மரக்கட்டையோ வந்தால் பூட்டாதீர்கள். கட்டையைத் தினமும் ஒழுங்காக வைக்கிறவன்தான் சுத்தம் பார்க்கிற மனுஷன். சுத்தம் செய்கிற நாளில் அதை எடுத்து அப்பால் வைக்கிறவனும் அவன்தான். இதை யோசிக்க வேண்டியது மெசினைப் போட்டவர்கள். மருதை இல்லை.

இன்னொன்றும் நடந்தது. விசாரணை முடிந்து கொஞ்ச நாளில் பிரேக் வைத்த மோட்டார் வந்துவிட்டது. மாதக்கணக்காக வராதது, கப்பலில் இல்லை, விலை கூடுதல் என்றெல்லாம் சொன்னது, எப்படியோ வந்துவிட்டது. லொறிக்குக் கேட்டைத் திறந்துவிட்டவன் மருதை. அதில் என்ன இருக்கிறது என்று டிரைவர் அவனிடம் சொல்லியிருக்கிறான்.

நான்தான் பூட்டினேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் மருதை உள்ளே வந்தான். கை போனதற்குப் பிறகு அவன் அந்த மெசினுக்குப் பக்கத்தில் வந்தது விசாரணை அன்று, அதை விட்டால் அன்றைக்குத்தான். நிக்குதாங்க பாஸ் என்று கேட்டான். தலையை உச்சிக்கு ஏற்றி, கட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மெயினை இழுத்தேன். டக்கென்று பிரேக் பூட்டிக்கொண்டது. தலை அசையவில்லை. பார்த்தாயா என்று திரும்பினேன். அவன் இடது கையைக் கொண்டுபோய்க் கட்டருக்கு நேர் கீழே மேசையில் விரித்து வைத்திருந்தான்.

எடுடா என்றேன். எடுக்கவில்லை.

"இருங்க பாஸ். அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்."

பிரேக்கைப் பூட்டியவன் நான். அது நிற்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அங்கே யாருமில்லை. ஆனாலும் ஓடிப்போய் மேலே ஏறி, ஸ்க்ரூவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் கையை எடுக்கும் வரைக்கும் விடவில்லை.